ஜப்தி வந்தால் வீட்டை விட்டு இறங்க வேண்டுமா?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா பெயருக்கு மலையாளத்தில் ஒரு தாள் வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். அந்தத் தாளில் 'ஜப்தி' என்ற சொல் மட்டும்தான் விளங்கியிருக்கிறது. பொள்ளாச்சியில் இருக்கும் மாமா, "அப்படின்னா பறிமுதல், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவாங்க" என்கிறாராம். கோவைப் பத்திரிகைகளைப் புரட்டினால் 'பற்றுகை', 'முடக்கம்', 'சுவாதீன அறிவிப்பு', 'கையகப்படுத்துதல்' என்று ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள். இதெல்லாம் ஒன்றுதானா, வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்பது கேள்வி. தாள் வந்ததிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

ஒன்றில்லை, தம்பி. இதை முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள். நிலம், வீடு விஷயத்தில் ஜப்தி என்பது கட்டிப்போடுவது. ஜப்தியான மறுநாளும் ஆதாரம் (சொத்துப் பத்திரம்) உங்கள் அப்பா பெயரில்தான் இருக்கும். பொதுவாக தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் காய் போடுவதும் அவர்தான். அடுப்பு எரிவதும் அதே வீட்டில்தான். அந்தச் சொத்தை விற்கவோ, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவோ, வேறிடத்தில் அடமானம் வைக்கவோ மட்டும் அவரால் முடியாது. எழுதிக் கொடுத்தாலும், ஜப்தி போட்டவரின் உரிமைக்கு எதிராக அது நிற்காது. சொத்து கைமாற வேண்டும் என்றால் அதற்குப் பிறகு விற்பனை அறிவிப்பு, ஏலம், ஏலத்தை உறுதிசெய்வது என்று பல படிகள் தாண்ட வேண்டும். அந்தப் படிகளுக்கு நடுவே சட்டம் தருகிற நாட்களை நம் ஊர்க்காரர்கள் பயத்திலும் வெட்கத்திலும் வீணாக விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஜப்தி அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. மூலச் சொல்லான 'ஜப்த்' என்பதற்கு இறுகப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல், ஒழுங்குக்குக் கொண்டுவருதல் என்று பொருள். அக்பர் காலத்தில் அவருடைய வருவாய் அமைச்சர் தோடர்மால் நிலத்தை அளந்து, பயிர் வாரியாகத் தீர்வை நிர்ணயித்த முறைக்கும் இந்தப் பெயர்தான். அங்கே யாருடைய நிலமும் பறிபோகவில்லை. அரசின் கணக்குக்குள் வந்தது. பிறகுதான் வரி கட்டாதவனின் சொத்தை அரசு தன் பிடிக்குள் வைப்பது என்ற பொருள் மேலோங்கியது. ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்கள் தெலுங்குத் தாளில் 'ஜப்து' என்று படிப்பதும், நாம் மலையாளத் தாளில் 'ஜப்தி' என்று படிப்பதும் இந்த ஒரே சொல்லைத்தான்.

கடன், அடகு, ஈடு, ஒற்றி எல்லாம் நம் சொற்கள். ஆனால் கடனை வாங்க ஆள் அனுப்பும் கட்டம் வந்ததும் பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி, அமீனா, ரத்து என்று மொழியே மாறிவிடுகிறது. நவாபு காலத்துக் கச்சேரி மொழி அது. வெள்ளைக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியரான அமீனாவின் பெயருக்கு நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். 'கைது' என்பதிலும் நம் 'கை' இல்லை. விலங்கு, தளை என்ற பொருளுள்ள அரபுச் சொல் அது. கையைப் பிடித்து இழுத்துப் போவதால் கைது என்று பலர் விளக்கம் சொல்லுவார்கள். பொருத்தமாக இருக்கிறதே தவிர உண்மையில்லை.

மலையாளத் தாளில் 'கண்டுகெட்டுக' என்றும் எழுதியிருக்கலாம். பார்த்துக் கட்டுவது. இந்தச் சொல்லிலும் கட்டுதான் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆட்சிச் சொல்லான 'பற்றுகை'யும் அதே எண்ணம்தான்; பற்றிக்கொண்டு விடாமல் இருப்பது. ஆகவே ஜப்தி, கண்டுகெட்டல், பற்றுகை மூன்றையும் ஒரு வரிசையில் வைக்கலாம்.

கடன்காரனைக் கட்டிப்போடுவது இங்கே புதிதும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். கடன் கொடுத்தவர் பலமுறை கேட்டும் கிடைக்காவிட்டால், கடன்பட்டவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கிழித்துவிடுவார். கடனைத் தீர்க்காமல், அல்லது பிணை கொடுக்காமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. அரசனே ஒரு வெளிநாட்டு வணிகருக்குப் பணம் தராமல் இழுத்தடித்தபோது, குதிரைமேல் வந்த அரசனையும் குதிரையையும் சேர்த்து வணிகர் வட்டம் கிழித்தார் என்றும், பணம் வந்து சேரும்வரை அரசன் நகரவில்லை என்றும் சொல்கிறார். அந்த வட்டத்துக்குள் நின்றவனிடமிருந்து எதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய போக்குவரத்து மட்டும் நிறுத்தப்பட்டது. 'மறி' என்ற சொல்லிலும் இதே தடுப்புதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலையில் உட்காருவது; இலங்கைத் தமிழில் விளக்கமறியல் என்றால் விசாரணைக் காவல்.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். அது மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்: நீதிமன்றம், வருவாய்த்துறை, வங்கி. எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து உங்கள் நாட்களும் வழியும் மாறும்.

நீதிமன்ற ஜப்தி 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி நடப்பது. ஒருவர் வழக்குப் போட்டு, தீர்ப்பாகி, பணம் வராமல், தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்டு மனு போட்ட பிறகு வருவது. தீர்ப்புக்கு முன்பே சொத்தை மறைக்கப் பார்க்கிறார் என்று காட்டினால் முன்கூட்டியும் ஜப்தி கேட்கலாம். நிலம், வீடு என்றால் கோர்ட் ஆள் வந்து எதையும் தூக்குவதில்லை. சொத்தை மாற்றக் கூடாது என்ற உத்தரவை அந்த இடத்திலோ பக்கத்திலோ தண்டோரா போட்டோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும். நகலைச் சொத்தின் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். கோர்ட்டிலும் ஒட்ட வேண்டும். கிராமத்து நிலம் என்றால் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் அன்றைய வேலை.

அசையும் பொருள் என்றால்தான் உண்மையிலேயே கையில் எடுப்பார்கள். அதற்கும் எல்லை உண்டு. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் அதற்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. கடனாளி, மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு அவசியமான உடை, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றைத் தொடக் கூடாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையைத் தொடக் கூடாது; தாலி இதற்குள் வரும். தச்சர், கொல்லர் போன்ற கைவினைஞரின் கருவிகளுக்கும், விவசாயியின் கலப்பை, பிழைப்புக்குத் தேவையான மாடு, விதைத் தானியம் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. விவசாயியோ கூலித் தொழிலாளியோ தானே குடியிருக்கும் சொந்த வீட்டையும் பணத் தீர்ப்புக்காக ஜப்தி செய்ய முடியாது. ஒரு எச்சரிக்கை: அந்த வீட்டையே அடமானமாக எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் இந்த விலக்கு உதவாது. இது எல்லாம் சட்டத்தின் 60, 62ஆம் பிரிவுகளில் இருக்கிறது. ஒரு காலத்தில் கதவையும் நிலையையும் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழைய கதைகளின் பயம் இன்னமும் நம் வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து காக்கும் பிரிவுகளைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"அப்பாவைப் பிடித்துப் போய்விடுவார்களா?" என்பது உங்கள் கேள்வியில் இல்லை. ஆனால் வீட்டில் அந்தப் பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பணத் தீர்ப்புக்காகச் சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு; தொகை 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அதிகபட்சம் 3 மாதம். பெண்களை இதற்காகக் கைது செய்யவே முடியாது. ஆண்களையும் நினைத்த மாத்திரத்தில் அடைக்க முடியாது. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த வழியை மூடிவிட்டது. கையில் வழி இல்லாததால் கட்ட முடியாமல் போனது மட்டுமே ஒருவரைச் சிறையில் வைக்கக் காரணமாகாது. இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றும் கெட்ட எண்ணம் காட்டப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஏழ்மையைக் குற்றமாக்கக் கூடாது என்று நம் மண்ணில் பிறந்த ஒருவர் நாட்டுக்கே எழுதிய தீர்ப்பு, நம் எல்லைக் கிராமங்களில் இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இரண்டாவது வாசல் வருவாய்த்துறை. ஊரில் 'ஆர்.ஆர்.' (ரெவின்யூ ரெக்கவரி, வருவாய் வசூல்) என்று சொல்வார்களே, அது. வரி பாக்கி, அரசுக்குச் சேர வேண்டிய தொகை, சட்டப்படி அப்படி வசூலிக்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் ஆகியவற்றைத் தாசில்தார் வழியாக வசூலிப்பது. பாலக்காடு தாலுகா பழைய மலபார் மாவட்டத்தில், அதாவது சென்னை மாகாணத்தில் இருந்தது. கொழிஞ்சாம்பாறை இருக்கும் நம் சித்தூர் தாலுகா (ஆந்திரச் சித்தூர் இல்லை) கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. ஆகவே பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு வெவ்வேறு வசூல் சட்டம். 1968ஆம் ஆண்டு கேரள வருவாய் வசூல் சட்டம் வந்துதான் இரண்டும் ஒன்றானது. எல்லைக்கு அந்தப் பக்கம் மாமா ஊரில் இன்னமும் 1864ஆம் ஆண்டுச் சட்டம். அவர் சொல்வதும் நீங்கள் பார்ப்பதும் பொருந்தாமல் போக இதுவும் ஒரு காரணம். ஆர்.ஆர். என்றால் தாலுகா அலுவலகத்தில் நேரில் போய்த் தொகையைச் சரிபார்த்து, தவணை கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் முதல் வேலை.

மூன்றாவது, வங்கி. இப்போது ஊரில் ஜப்தி என்று பேசப்படுவதில் பெரும்பங்கு இதுதான். சட்டப்படி பார்த்தால் இதற்கு ஜப்தி என்ற பெயர் பொருந்தவும் பொருந்தாது. 2002ஆம் ஆண்டு 'சர்ஃபேசி' சட்டப்படி, அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே தன் சுவாதீனத்துக்கு, அதாவது கைவசத்துக்கு, எடுத்து விற்கலாம். முதலில் 60 நாள் கெடு கொடுத்து ஒரு நோட்டீஸ் வர வேண்டும். அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் கழிந்த பிறகுதான் சுவாதீன அறிவிப்பு. கதவில் ஒரு தாள் ஒட்டி, பத்திரிகையில் விளம்பரம் போட்டு, காகித அளவில் எடுப்பது ஒரு கட்டம். மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி ஆட்களோடு வந்து பூட்டுவது இன்னொரு கட்டம். கதவில் தாளைப் பார்த்த அன்றைக்கே சாமான்களை மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றிய குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அன்றைக்கு அவர்கள் செய்ய வேண்டியிருந்தது வேறு: வங்கி எடுத்த நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிப்பது. கேரளத்துக்கு அது எறணாகுளத்தில் இருக்கிறது. இந்த விஷயத்தில் முன்சீப் கோர்ட்டுக்குப் போனால் நாள்தான் போகும். சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் சட்டமே விலக்கிவிட்டது.

இந்தச் சட்டத்தில் விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது 31ஆம் பிரிவு. விவசாய நிலத்தின் மேல் உள்ள அடமானத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. ஆனால் ஆதாரத்தில் 'நிலம்' என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் விவசாயம் நடக்கிறது என்று காட்ட வேண்டும். கரம் (நிலவரி) கட்டிய ரசீது, பயிர் விவரம், மின் மோட்டார் இணைப்பு, கிருஷிபவன் (வேளாண் அலுவலகம்) ஆவணம் எல்லாம் அங்கே பேசும். கூட்டுறவு வங்கிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று முன்பு சிலர் வாதாடி வந்தார்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்று முடித்துவிட்டது. இன்னொன்று, வங்கி விற்பனை அறிவிப்பை வெளியிடும் வரைக்கும் முழு பாக்கியையும் செலவையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அறிவிப்பு வெளியானதும் அந்தக் கதவு சாத்திவிடும்.

மாமா சொன்ன 'பறிமுதல்' வேறு கூட்டம். அது குற்றத்தோடு சேர்ந்தது. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வாளையாறிலும் ரேஷன் அரிசி மூட்டைகளைப் பிடிக்கிறார்களே, அங்கே முதலில் பொருளைப் பிடித்து வைப்பார்கள். பிறகு 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி கலெக்டர் விளக்கம் கேட்டு, அது பொருந்தாவிட்டால் பொருள் அரசுக்கே சொந்தம் என்று உத்தரவு போடுவார். அதுதான் பறிமுதல், அங்கே உரிமையே போய்விடும். கடன் பாக்கிக்கு இந்தச் சொல்லைப் போடுவது தவறு. ஆனால் தமிழ்ச் செய்திகளில் போடுகிறார்கள், வாசிக்கிற மனிதருக்கு நெஞ்சு அடைத்துப் போகிறது.

'முடக்கம்' பெரும்பாலும் வங்கிக் கணக்குக்குச் சொல்வது. பணம் கணக்கில் இருக்கும், எடுக்க முடியாது. 'கையகப்படுத்துதல்' என்றால் சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ அரசு நிலம் எடுப்பது. அதற்கு இழப்பீடு உண்டு, கடனோடு சம்பந்தமே இல்லை. வங்கி விளம்பரங்களில் சிலர் இதையும் போட்டுக் குழப்புகிறார்கள். அடகு நகை மூழ்கிப்போவதும் ஜப்தி இல்லை. அங்கே பொருள் ஏற்கனவே அவர்கள் பெட்டியில் இருக்கிறது, விற்குமுன் நியாயமான அறிவிப்பு கொடுத்தால் போதும்.

பைக்கையும் டிராக்டரையும் ஃபைனான்ஸ்காரர்கள் 'சீஸ்' பண்ணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவணை ஒப்பந்தத்தில் வண்டியை எடுக்கும் உரிமையை எழுதி வாங்கியிருப்பார்கள். அதற்காக ரோட்டில் மறித்து, அடித்து, சாவியைப் பிடுங்கலாம் என்று பொருள் இல்லை. வசூலுக்கு அடியாட்களை ஏவக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. மீறினால் போலீசில் எழுதிக் கொடுங்கள்.

இத்தனை வேறுபாடும் தெரிந்தவர்கள்கூட ஜப்தி என்ற சொல்லைக் கேட்டால் குன்றிப் போகிறார்கள். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்ற பழமொழி நம் வீடுகளில் எப்போதும் புழங்குவது. அமீனா வந்ததால் வீடு கெட்டது என்று ஆகிவிட்டது. மழை பொய்த்ததும், தேங்காய் விலை விழுந்ததும், ஆஸ்பத்திரிச் செலவு வந்ததும் அந்தப் பழமொழியில் இல்லை. இந்த வெட்கம் சும்மா வரவில்லை. தண்டோரா ஊருக்கே அறிவிப்பது. கதவில் ஒட்டிய தாள் தெருவில் போகிறவன் படிப்பதற்காக ஒட்டியது. வாங்க வருகிறவன் ஏமாறக் கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். ஆனால் பெண் கேட்டு வருகிறவர்களும் அதே தாளைத்தான் படிக்கிறார்கள். அந்த வெட்கத்தில்தான் ஒருவர் வக்கீலைப் பார்க்காமல், வங்கி மேலாளரைப் பார்க்காமல், சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லாமல் நாட்களைக் கடத்துகிறார். அப்படி ஒளிந்திருக்கும் வாரங்களில் சொத்து அடிமாட்டு விலைக்குத் தரகரிடம் போவதையும், கந்துவட்டிக்காரர் உள்ளே நுழைவதையும் எல்லையின் இரு பக்கமும் பார்த்திருக்கிறேன். கேரளத்திலாவது ஜப்தி நோட்டீசைப் பற்றி ஊர்க்கூட்டத்திலும் செய்தியிலும் வாய்விட்டுப் பேசுகிறார்கள். தமிழ் பேசும் நம் வீடுகளில் இன்னும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அது மாற வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியவை. தாளின் தலைப்பில் கோர்ட், தாலுகா ஆபீஸ், வங்கி இவற்றில் எது இருக்கிறது என்று மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். கோர்ட் என்றால் வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, தீர்ப்பு ஒருதலையாக வந்ததா என்று பாருங்கள். சம்மன் வராமலே தீர்ப்பு வந்திருந்தால் அதை நீக்கக் கேட்கத் தனி வழி உண்டு. எதிர்த்தரப்பிடம் கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்தால், அதை 30 நாளுக்குள் கோர்ட்டில் பதிவு செய்யக் கேளுங்கள். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. கையெழுத்து வாங்கிய வெள்ளைத்தாள் போதும் என்று நம்பி இரட்டைப் பணம் கட்டியவர்கள் பலர். ஏலமே நடந்துவிட்டாலும், தீர்ப்புத் தொகையையும் ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் 60 நாளுக்குள் கட்டினால் ஏலத்தை நீக்கலாம். இது கோர்ட் ஏலத்துக்கு மட்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அடமானத்தில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பெயரிலும் விண்ணப்பியுங்கள்.

தாள் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்திருந்தால் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழர்கள் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. தொகை எவ்வளவு, எந்தக் கடனுக்கு, எந்தத் தேதிவரை வட்டி போட்டது என்ற மூன்றையும் கேட்டு எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தாள் வந்த உறையையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். எந்தத் தேதியில் கைக்குக் கிடைத்தது என்ற கேள்வி பின்னால் எழுந்தால் அதில் உள்ள அஞ்சல் முத்திரைதான் சாட்சி.